சுவர் எங்கே இருக்கிறது

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் மே மாதத் தொடக்கத்தில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு சான்றிதழ் கொடுப்பார்கள். ஜெர்மன், கணக்கு, சுற்றுப்புறத்தைப் பற்றிய பொதுப்பாடம் மூன்றுக்கும் சேர்த்து ஒரு சராசரி அதில் இருக்கும். அங்கே 1 என்றால் முதல்தரம், 6 என்றால் கடைசி. சராசரி 2.33க்குள் இருந்தால் பிள்ளை கிம்னாசியத்துக்குப் போகலாம். பல்கலைக்கழகத்துக்கு அதுதான் நேர்வழி. 2.66க்குள் இருந்தால் ரியால்ஷூலே. அதையும் தாண்டினால் மிட்டல்ஷூலே, பெரும்பாலும் கைத்தொழில் பயிற்சிக்குப் போகிற பாதை. பிள்ளைக்கு அப்போது வயது பத்து. எட்டாதவர்கள் சோதனை வகுப்பில் உட்கார்ந்து பார்க்கலாம், பின்னால் பாதை மாறவும் வழி உண்டு என்பதெல்லாம் உண்மைதான். ஆனாலும் அந்த வசந்த காலத்தில் பவேரியக் குடும்பங்களைப் பிடிக்கிற பதற்றம் நம் ஊர்ப் பன்னிரண்டாம் வகுப்பு வீடுகளுக்கு நன்றாகத் தெரிந்ததுதான். அங்கே அது எட்டு வருடம் முன்னதாகவே வந்துவிடுகிறது.

தொடக்கப் பள்ளி முடித்தவர்களில் எத்தனை பேர் இடைநிலைக்குப் போனார்கள் என்று நாடுகளை ஒப்பிடும் யுனெஸ்கோ அட்டவணையில் ஜெர்மனிக்கு நேரே இருக்கும் எண் ஏறத்தாழ நூறு. எண்ணில் பிழையில்லை. ஒரு பிள்ளையும் தெருவில் நிற்கவில்லை. எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். எந்த வாசல் வழியாகப் போனார்கள் என்பது அட்டவணையின் கேள்வி இல்லை. ஹாம்பர்க் நகர அரசு இந்தப் பிரிப்பை இரண்டு வருடம் தள்ளிப்போட நினைத்து, தொடக்கப் பள்ளியை ஆறு வருடமாக்கப் பார்த்தது. 2010 ஜூலையில் நடந்த வாக்கெடுப்பில் திட்டம் தோற்றது. வசதியான பகுதிகளில்தான் வாக்களிக்க வந்தவர்கள் அதிகம். ஒருவேளை வென்றிருந்தால் ஹாம்பர்க் பிள்ளைகளில் பலருடைய வாழ்க்கை வேறு விதமாகப் போயிருக்கலாம். விகிதம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்திருக்கும்.

இந்த விகிதம் அறிக்கைகளில் இவ்வளவு தாராளமாகப் புழங்குவதற்குக் காரணம், கணக்குப் போடுவது சுலபம். இந்த ஆண்டு இடைநிலையின் முதல் வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களை எடுத்துக்கொள்ள வேண்டும். போன ஆண்டு தொடக்கப் பள்ளியின் கடைசி வகுப்பில் இருந்தவர்களால் வகுக்க வேண்டும். நூறால் பெருக்கினால் முடிந்தது. பள்ளிகள் அமைச்சகத்துக்கு அனுப்பும் தலைக்கணக்கே போதும், வீடு வீடாகப் போக வேண்டியதில்லை. கனடாவின் மாண்ட்ரியலில் இருக்கும் யுனெஸ்கோ புள்ளியியல் நிறுவனம் இப்படி நாடுகள் அனுப்பும் எண்களைத் திரட்டி வரிசைப்படுத்துகிறது.

சுலபமான கணக்கில் பள்ளம் இருக்கும். நூறு பேர் கடைசி வகுப்பில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அறுபது பேர் மேலே போகிறார்கள், இருபது பேர் அதே வகுப்பில் மறுபடியும் உட்காருகிறார்கள், இருபது பேர் நின்றுவிடுகிறார்கள். விகிதம் அறுபது. ஆனால் மறுபடி உட்கார்ந்த இருபது பேர் படிப்பை விடவில்லை, அடுத்த வருடம் போகப்போகிறவர்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் பிரெஞ்சு மொழி நாடுகளில் இது பழைய கதை. இடைநிலையில் இடம் குறைவு, நுழைவுத் தேர்வு கடினம். எனவே கடைசி வகுப்பிலேயே தங்கி மறுபடி எழுதிப் பார்ப்பார்கள். அவர்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால் எண்பதில் அறுபது, அதாவது எழுபத்தைந்து. யுனெஸ்கோ பின்னாளில் இப்படித் திருத்திய விகிதத்தையே முன்வைக்கத் தொடங்கியது. ஒரே நாடு, ஒரே பிள்ளைகள். கணக்கின் ஒரு வரியை மாற்றியதும் பதினைந்து புள்ளி ஏறிவிட்டது.

இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று உண்டு, அதற்குத் திருத்தம் கிடையாது. ஒரு நாட்டில் நூறு குழந்தைகள் முதல் வகுப்பில் சேர்ந்து, நாற்பது பேர் மட்டும் கடைசி வகுப்பை எட்டி, அதில் முப்பத்தெட்டுப் பேர் மேலே போனால் விகிதம் தொண்ணூற்றைந்து. இன்னொரு நாட்டில் நூறில் தொண்ணூற்றைந்து பேர் கடைசி வகுப்பை எட்டி, எண்பது பேர் மேலே போனால் விகிதம் எண்பத்து நான்கு. அட்டவணையில் முதல் நாடு மேலே நிற்கும். நடுவில் விழுந்த அறுபது பேரை அது என்றைக்கோ மறந்தாயிற்று. ஏழைப் பிள்ளைகளை மூன்றாம் வகுப்பிலேயே உதிர்த்துவிடும் நாடு இந்த ஒரு எண்ணை வைத்து மார்தட்டிக்கொள்ள முடியும். எல்லாரையும் கூட்டிக்கொண்டு கடைசி வகுப்பு வரை வந்த நாடு தலைகுனிய வேண்டியிருக்கும். 2015க்குப் பிறகான ஐக்கிய நாடுகளின் கல்வி இலக்குகளில் நிறைவு விகிதத்துக்கு முக்கிய இடம் கொடுத்ததில் எனக்கு வியப்பில்லை. அது ஒரு வயதினர் மொத்தத்தில் எத்தனை பேர் முடித்தார்கள் என்று, பெரும்பாலும் வீட்டுக் கணக்கெடுப்பை வைத்துக் கேட்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு, எது தொடக்கம், எது இடைநிலை என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. ஜெர்மனியின் பெரும்பகுதியில் தொடக்கப் பள்ளி நான்கு வருடம். பெர்லினிலும் பிராண்டன்பர்க்கிலும் ஆறு. ஜப்பானில் ஆறு, தான்சானியாவிலும் உகாண்டாவிலும் ஏழு. கென்யாவில் 1985 முதல் 2023 வரை எட்டு. பின்லாந்தில் பிள்ளைகள் ஒன்பது வருடம் ஒரே அடிப்படைப் பள்ளியில் படிக்கிறார்கள். அங்கே நடுவில் சுவரே கிடையாது. ஊருக்கு ஊர் மரக்கால் வேறாக இருந்த காலத்தில் நெல் வியாபாரி எதைச் செய்தாரோ, அதைத்தான் யுனெஸ்கோவும் செய்தது: பொது அளவு ஒன்றை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அதில் அளந்து கொட்டியது. 1970களில் உருவாகி, 1997லும் 2011லும் திருத்தப்பட்ட உலகக் கல்வி வகைப்பாடு அதுதான். அந்த அளவுப்படி கென்யாவின் எட்டு வருடத் தொடக்கப் பள்ளியில் முதல் ஆறு வருடம் மட்டுமே தொடக்கக் கல்வி. ஏழும் எட்டும் கீழ் இடைநிலை.

விளைவு வேடிக்கையானது. கென்யப் பிள்ளை ஆறாம் வகுப்பு முடித்து அதே பள்ளியில், அதே மரத்தடியில், பக்கத்து அறைக்கு மாறினால் யுனெஸ்கோ கணக்கில் அவள் இடைநிலைக்குப் போய்விட்டாள். கென்யாவில் அப்போது யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அங்கே பெற்றோர் தூக்கமிழந்தது எட்டாம் வகுப்பின் கடைசியில் வந்த கேசிபிஇ தேர்வை நினைத்து. ஐந்நூறுக்கு எத்தனை மார்க் என்பதைப் பொறுத்து தேசியப் பள்ளி, மாவட்டத்துக்கு வெளியே விடுதிப் பள்ளி, பக்கத்திலிருக்கும் பகல் பள்ளி என்று இடம் கிடைக்கும். சுவர் இருந்தது அங்கேதான். உலக அட்டவணை இரண்டு வருடம் முன்னால், ஒரு தடையும் இல்லாத திறந்த வெளியில் கோடு போட்டு, இத்தனை பேர் தாண்டினார்கள் என்று எழுதிக்கொண்டது.

நம் கதையும் அதேதான். இந்தியாவைப் பொறுத்தவரை இந்த அட்டவணை பார்ப்பது ஐந்தாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புக்கு. நாமோ இடைநிலைக் கல்வி என்றால் ஒன்பதும் பத்தும் என்று பழகியவர்கள். 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை ஒரே நீட்சியாகத்தான் பார்க்கிறது. தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள், ஆறு முதல் எட்டு வரையுள்ள பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கவேண்டும் என்பது அதன் விதி. நடுநிலைப் பள்ளியில் படிக்கும் தமிழ்நாட்டுப் பிள்ளை ஆறாம் வகுப்புக்கு எங்கும் போவதில்லை. ஐந்தோடு முடிகிற ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிப் பிள்ளை, கூட இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும், அல்லது பஸ் ஏற வேண்டும். கேரளத்தில் கீழ்த் தொடக்கப் பள்ளி நான்கோடு முடிகிறது. ஒரே நாட்டுக்குள்ளேயே சுவர் இடம் மாறி மாறி நிற்கும்போது, இந்தியா என்று ஒரு எண்ணை எழுதி அதை வியட்நாமோடு ஒப்பிடுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். நம் பிள்ளைகள் மொத்தமாக உதிர்வது எட்டுக்குப் பிறகும் பத்துக்குப் பிறகும்தான். ஐந்திலிருந்து ஆறுக்குப் போகிற எண்ணை மட்டும் பார்த்தால் நிலைமை திருப்தியாகவே தெரியும்.

இப்படியே குறை சொல்லிக்கொண்டு போகலாம். ஆனால் இந்த விகிதம் பயனற்றது என்று நான் சொல்ல வரவில்லை. அதில் ஒரு அரசின் மனசு தெரிகிறது. அதைப் பார்க்கக் கிழக்கு ஆப்பிரிக்காவில் அடுத்தடுத்து இருக்கும் கென்யாவையும் தான்சானியாவையும்விட நல்ல இடம் இல்லை. இரண்டும் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தவை. 1960களின் தொடக்கத்தில் விடுதலை பெற்றவை. ஏறத்தாழ ஒரே அளவு ஏழ்மை. இரண்டு அரசுகளும் இடைநிலைக் கல்வி விஷயத்தில் நேர் எதிரான முடிவுகளை எடுத்தன.

தான்சானியாவின் முதல் ஜனாதிபதி ஜூலியஸ் நைரேரே பள்ளி ஆசிரியராக இருந்தவர். நாடே அவரை ம்வாலிமு, அதாவது வாத்தியார் என்றே கூப்பிட்டது. ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசரைச் சுவாஹிலியில் மொழிபெயர்த்தவர். 1967ல் அவர் வெளியிட்ட ‘சுயசார்புக்கான கல்வி’ என்ற சிறு வெளியீட்டின் வாதம் எளிமையானது. தொடக்கப் பள்ளி முடிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இடைநிலையில் இடம் கொடுக்க நாட்டுக்கு வசதியில்லை. அப்படியிருக்க, தொடக்கப் பள்ளியை இடைநிலைக்கான பயிற்சிக் களமாக நடத்தினால், ஒவ்வொரு வருடமும் பெரும்பாலான பிள்ளைகளைத் ‘தோற்றவர்கள்’ என்று முத்திரை குத்தி வீட்டுக்கு அனுப்புகிறோம். ஆகவே தொடக்கக் கல்வி தன்னளவில் முழுமையான கல்வியாக இருக்க வேண்டும். கிராமத்தில் வாழப்போகிறவனுக்கு அது போதுமானதாக இருக்க வேண்டும். சொன்னதோடு நிற்கவில்லை. 1974ல் முசோமாவில் அவர் கட்சி எடுத்த தீர்மானத்தின்படி எல்லாக் குழந்தைகளையும் தொடக்கப் பள்ளிக்குக் கொண்டுவரும் வேலை முடுக்கிவிடப்பட்டது. இடைநிலைப் பள்ளிகளின் எண்ணிக்கையை அரசு வேண்டுமென்றே கட்டுக்குள் வைத்தது.

இந்த இடத்தில் கணக்கு என்ன செய்தது பாருங்கள். லட்சக்கணக்கான ஏழைக் குழந்தைகள் முதன்முறையாக ஏழாம் வகுப்பை எட்டினார்கள். இடைநிலையில் இடங்களோ ஏறத்தாழ அதே அளவு. வகுக்கும் எண் வீங்க வீங்க விகிதம் பாதாளத்துக்குப் போனது. 1980களின் தொடக்கத்தில் இடைநிலைப் பள்ளியில் இருக்கவேண்டிய வயதினரில் நூற்றுக்கு ஐந்து பேர்கூட அங்கே இருக்கவில்லை. உலகத்தின் மிகக் குறைந்த எண்களில் ஒன்று. ஆப்பிரிக்காவிலேயே அதிகக் குழந்தைகளைத் தொடக்கப் பள்ளிக்குக் கொண்டுவந்த நாடுகளில் ஒன்று, அதைச் செய்த காரணத்தாலேயே, இந்தப் பட்டியலின் அடியில் போய் விழுந்தது.

கென்யாவில் முதல் ஜனாதிபதி ஜோமோ கென்யாட்டா கொடுத்த கோஷம் ‘ஹராம்பே’: எல்லாரும் சேர்ந்து இழுப்போம். அரசிடம் பணம் இல்லையென்றால் ஊரே பள்ளியைக் கட்டிக்கொள்ளட்டும். ஆட்டை விற்றும் காப்பிக் காசைச் சேர்த்தும் ஊர்கள் பள்ளிகளைக் கட்டின. 1970களில் ஹராம்பே இடைநிலைப் பள்ளிகள் அரசுப் பள்ளிகளைவிட எண்ணிக்கையில் அதிகமாயின. தகரக் கூரை, பயிற்சி இல்லாத ஆசிரியர், ஆய்வகம் என்ற பேச்சே கிடையாது. பணக்காரர்களின் பிள்ளைகள் நல்ல அரசுப் பள்ளிக்கும் மற்றவர்கள் ஹராம்பேவுக்கும் போனார்கள் என்பதும் உண்மை. ஆனால் போனார்கள். தான்சானியாவிலும் பெற்றோர் சும்மா இருக்கவில்லை. கிளிமஞ்சாரோ மலைச்சரிவின் காப்பி விவசாயிகள் 1980களில் அரசின் விருப்பத்துக்கு எதிராகவே தனியார் இடைநிலைப் பள்ளிகளை எழுப்பினார்கள். சித்தாந்தம் எதுவாக இருந்தாலும், தன் பிள்ளை மண்ணை மட்டும் கிளறக் கூடாது என்று நினைக்கிற தகப்பனை நிறுத்த முடிந்ததில்லை.

ஜான் நைட், ரிச்சர்ட் சாபோ என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இதை இயற்கையே நடத்திக் கொடுத்த பரிசோதனையாகப் பார்த்தார்கள். 1980ல் நைரோபியிலும் தார் எஸ் சலாமிலும் கூலிக்கும் சம்பளத்துக்கும் வேலை செய்பவர்களைச் சந்தித்து, அவர்களுடைய படிப்பு, சம்பளம், எழுத்தறிவு, எண்ணறிவு, பிறவி அறிவுக்கூர்மை எல்லாவற்றையும் சோதித்தார்கள். 1990ல் வந்த அவர்கள் புத்தகம் கென்யாவின் பக்கம் சாய்ந்தது. இடைநிலை படித்தவர்கள் பெருகியதால் வேலைத்திறன் கூடியது, படித்தவர்களுக்கான அபூர்வ மவுசு குறைந்து சம்பள ஏற்றத்தாழ்வு தணிந்தது என்றார்கள். சம்பளத்தைத் தூக்கிவிட்டது சான்றிதழ் மட்டுமில்லை, பள்ளியில் உண்மையில் கற்றுக்கொண்டதுதான் என்பது அவர்களுடைய முக்கியமான கண்டுபிடிப்பு. சமத்துவத்தின் பேரால் மூடிய கதவு சமத்துவத்தையே பாதித்தது என்பதை நைரேரேயின் அன்பர்கள் இன்றும் எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எனக்கும் அவரை முழுதாகக் கைவிட மனமில்லை. தொடக்கப் பள்ளி முடித்தவனை ‘தோற்றவன்’ என்று நினைக்கிற கல்விமுறை மோசமானது என்ற அவருடைய பேச்சில் தவறு எங்கே? அவர் தப்பாகக் கணித்தது பெற்றோர்களின் பிடிவாதத்தை.

பின்னால் தான்சானியா கதவைத் திறந்தது, அதுவும் ஒரேயடியாக. 2004 முதல், வட்டாரத்துக்கு ஒரு இடைநிலைப் பள்ளி என்று ஷூலே சா கத்தா பள்ளிகள் முளைத்தன. விகிதம் விறுவிறுவென்று ஏறியது. 2012 கடைசியில் நான்காம் படிவத் தேர்வு எழுதியவர்களின் முடிவு 2013 பிப்ரவரியில் வந்தபோது நூற்றுக்கு அறுபது பேர் தேறவில்லை. நாடு அதிர்ந்து, விசாரணைக் குழு போட்டு, மதிப்பெண்களை மறுபடி சீர்செய்து வெளியிடும் அளவுக்குப் போனது. காரணங்கள் பல. ஆசிரியர் பற்றாக்குறை ஒன்று. அதைவிட ஆழமான காரணம் மொழி. தான்சானியாவில் ஏழு வருடத் தொடக்கப் பள்ளி சுவாஹிலியில். எட்டாவது வருடம் காலை வகுப்புக்குள் நுழைந்தால் வரலாறும் உயிரியலும் கணக்கும் எல்லாம் ஆங்கிலத்தில். ஆசிரியருக்கே பேசத் தடுமாறும் ஆங்கிலம். எல்லா நிலையிலும் சுவாஹிலி என்று 2015ல் வெளியிடப்பட்ட கொள்கை சொன்னது, நடைமுறைக்கு வரவில்லை. சுவரைத் தாண்டிய பிள்ளைக்கு அந்தப்பக்கம் பேசும் மொழி தெரியாது என்பதை எந்த விகிதத்தில் எழுதுவது?

மலேசியத் தமிழர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. ஆறு வருடம் தமிழ்ப் பள்ளியில் படித்துவிட்டு மலாய் வழி இடைநிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளை, மலாய் மொழியில் போதிய தேர்ச்சி காட்டாவிட்டால், முதலாம் படிவத்துக்கு முன்பு ரிமூவ் வகுப்பில் ஒரு வருடம் உட்கார வேண்டும். தேசியப் பள்ளியில் படித்த பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஒரு வருடம் கிடையாது. நண்பர்கள் மேலே போய்விட, தான் பின்தங்கியவன் என்ற எண்ணத்தோடு பல பிள்ளைகள் படிப்பையே விட்ட கதைகளைத் தோட்டப்புறத்துப் பெரியவர்கள் சொல்வார்கள்.

பெண் பிள்ளைகளுக்கு வேறு சுவர்கள். தான்சானியாவில் கருவுற்ற மாணவியைப் பள்ளியிலிருந்து நீக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 2017ல் ஜனாதிபதி மகுஃபுலி, பிள்ளை பெற்றவள் திரும்பி வரவே கூடாது என்று மேடையில் அறிவித்தார். அவர் மறைவுக்குப் பிறகு 2021 நவம்பரில்தான் அந்தத் தடை நீங்கியது.

கென்யாவுக்குத் திரும்புகிறேன். 2003ல் அங்கே தொடக்கப் பள்ளிக் கட்டணம் ரத்தானது. அடுத்த வருடம் எண்பத்து நான்கு வயதான கிமானி மருகே முதல் வகுப்பில் சேர்ந்து உலகப் புகழ் பெற்றார். 2009ல் அவர் இறந்துபோகாமல் எட்டாம் வகுப்பை முடித்து மேலே போயிருந்தால், இடைநிலைக்குச் செல்வோர் விகிதம் அவரையும் பதினான்கு வயதுப் பையனையும் ஒரே மாதிரி எண்ணியிருக்கும். இந்த எண்ணுக்கு வயது தெரியாது. அதை நான் அதன் நல்ல குணமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

2018ல் அரசு அடுத்த அறிவிப்பைச் செய்தது: கேசிபிஇ எழுதிய எல்லாருக்கும் இடைநிலையில் இடம், நூற்றுக்கு நூறு. கிராம நிர்வாகத் தலைவர்களும் ஆசிரியர்களும் வீடு வீடாகப் போய், சேராத பிள்ளைகளைத் தேடிப் பிடித்தார்கள். பயிற்றுக் கட்டணத்தை அரசு ஏற்கெனவே 2008 முதல் ஏற்றிருந்தது. ஆனால் விடுதிப் பள்ளிக்குப் போகத் தகரப் பெட்டி வேண்டும், மெத்தை வேண்டும், சீருடை வேண்டும். சேர்க்கைக் கடிதத்தில் இணைத்து வரும் பட்டியலைப் பார்த்தே பல குடும்பங்கள் மலைத்து உட்கார்ந்துவிடும். ஒவ்வொரு சேர்க்கைப் பருவத்திலும் பெட்டியும் பணமும் இல்லாமல் பள்ளி வாசலில் வந்து நிற்கும் பிள்ளைகளைப் பற்றி நைரோபிச் செய்தித்தாள்கள் எழுதின. யாரோ ஒரு நல்லவர் உதவுவார். உதவி கிடைத்தவர்கள்தான் செய்தியாகிறவர்கள்.

நூற்றுக்கு நூறு என்று அரசே இலக்கு வைத்த பிறகு, எண்ணுகிறவர்களின் கை சும்மா இருக்குமா? ஜஸ்டின் சாண்டஃபர், அமண்டா கிளாஸ்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2015ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு முந்தைய ஒரு காலத்தைப் பற்றியது. 2003ல் கட்டணம் ரத்தாகி, தலைக்கு இவ்வளவு என்று பள்ளிகளுக்கு மானியம் வரத் தொடங்கியதும், கென்யப் பள்ளிகள் அனுப்பிய மாணவர் எண்ணிக்கை நன்றாக ஏறியது. அதே காலத்தில் வீட்டுக்குப் போய்க் கேட்ட கணக்கெடுப்பில் அந்த ஏற்றம் தென்படவில்லை. தலைக்குக் காசு என்றால் தலை பெருகும். இதற்குக் கென்யாவைப் பழித்துப் பயனில்லை. இந்தியாவில் 2022-23 முதல் யுடைஸ் என்ற பள்ளிக் கணக்கு மொத்த எண்ணிக்கையை விட்டுப் பிள்ளைவாரியாகப் பெயரோடு எடுக்கத் தொடங்கியதும், நாட்டின் மாணவர் தொகை முந்தைய ஆண்டைவிட ஒரு கோடிக்கும் மேல் குறைந்தது. பிறப்பு குறைந்து வருவதும் ஒரு காரணம்தான். இரண்டு இடத்தில் பதிவான பெயர்கள் கழிந்ததும் ஒரு காரணம்.

தமிழ்நாட்டில் இந்தப் பிள்ளைவாரிக் கணக்கு முன்பே எமிஸ் என்ற பெயரில் வந்துவிட்டது. அதில் எனக்குப் பிடித்த ஓர் இடம் உண்டு. ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளை மாற்றுச் சான்றிதழ் வாங்கியதும், அந்தப் பெயர் பழைய பள்ளியின் பட்டியலிலிருந்து நீங்கிக் ‘காமன் பூல்’ என்று ஆசிரியர்கள் சொல்லும் பொதுத் தொகுப்புக்குப் போகும். புதிய பள்ளி எடுத்துக்கொள்ளும்வரை அங்கேயே கிடக்கும். ஜூன் மாதத்தில் தலைமை ஆசிரியர்கள் போனில் கேட்டுக்கொள்வார்கள்: “சார், அந்தப் பிள்ளையோட பேரு இன்னும் பூல்லயே இருக்கு, உங்க ஸ்கூல்ல சேர்ந்துட்டாளா?” பெரும்பாலும் அது வெறும் கணினித் தாமதம். சில சமயம் குடும்பமே செங்கல் சூளைக்குப் போயிருக்கும். உலக அட்டவணையில் தசமப் புள்ளிக்குப் பிறகு வருகிற ஓர் இலக்கம், இங்கே பெயரும் எமிஸ் எண்ணும் அப்பாவின் பழைய செல்போன் நம்பருமாக இருக்கிறது. இந்த விகிதத்தை ஒப்பிட்டாக வேண்டுமென்றால், நாடுகளோடு ஒப்பிடுவதைவிட இந்தப் பட்டியலை ஒன்றியத்துக்கு ஒன்றியம் ஒப்பிடுவதே பிரயோஜனமானது. சுவரை அசைக்காமல் வைத்துக்கொண்டு ஒரே இடத்தை வருடா வருடம் பார்ப்பதும் பிரயோஜனமானது. சுவரை அசைக்க முயற்சி நடக்காமல் இல்லை. 2019 செப்டம்பரில் ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று மாநில அரசு அறிவித்தது. எதிர்ப்பு பெருகி 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றது. அந்தத் தேர்வு நடந்திருந்தால் முதலில் நிரம்பியிருக்கும் இடம் இந்தக் காமன் பூல்தான் என்பது என் எண்ணம்.

தேர்வு இருந்தும் விகிதம் குறையாத இடமும் உண்டு. இலங்கையில் தரம் ஐந்தில் புலமைப்பரிசில் பரீட்சை. கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்விக் காலத்தில், கிராமத்துக் கெட்டிக்காரப் பிள்ளைகளை மத்திய மகா வித்தியாலயங்களுக்குக் கொண்டுவரும் நல்ல நோக்கத்தில் கிளைத்த ஏற்பாடு. இன்றைக்கு இருநூறு புள்ளிகளுக்கான அந்தப் பரீட்சைக்குப் பிள்ளைகள் எட்டு வயதிலேயே ரியூஷனுக்கு அலைகிறார்கள். மாவட்டத்துக்கு ஒன்றாக வெட்டுப்புள்ளி அறிவிக்கப்படும் நாளில், தாண்டாத பிள்ளையின் வீடு இருண்டுபோகிறது. ஆனால் தாண்டாதவனும் அடுத்த வருடம் தரம் ஆறுக்கு, பெரும்பாலும் தன் பழைய பாடசாலையிலேயே, போகிறான். எனவே இலங்கையின் எண் ஜெர்மனியின் எண்ணைப் போலவே நிறைவாக இருக்கிறது. அழுத பிள்ளையும் சிரித்த பிள்ளையும் அதில் ஆளுக்கொன்றாகச் சேர்த்தி.

கென்யா இதற்கிடையில் சுவரையே பெயர்த்து வேறிடத்தில் வைத்துவிட்டது. 2017ல் தொடங்கிய புதிய பாடத்திட்டப்படி தொடக்கக் கல்வி ஆறாம் வகுப்போடு முடிகிறது. பழைய கேசிபிஇ 2023ல் கடைசி முறையாக நடந்தது. 14 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். ஏழு, எட்டு, ஒன்பது வகுப்புகள் இளநிலை இடைநிலை. அவற்றை உயர்நிலைப் பள்ளிகளில் வைப்பதா, தொடக்கப் பள்ளிகளிலேயே வைப்பதா என்று நீண்ட வாக்குவாதம் நடந்து, கடைசியில் தொடக்கப் பள்ளி வளாகத்திலேயே என்று முடிவாகி, 2023 ஜனவரியில் முதல் அணி ஏழாம் வகுப்பில் உட்கார்ந்தது. ஆய்வகம் இல்லை, பாட ஆசிரியர் போதவில்லை. ஆனால் தகரப் பெட்டி தேவைப்படவில்லை, பெண் பிள்ளை வீட்டிலிருந்தே போய் வந்தாள். உலக வகைப்பாடு கற்பனையாகப் போட்டிருந்த கோட்டின் மேல், பல வருடம் கழித்து, கென்யாவே வந்து நின்றது. இப்போது பெற்றோர் பயப்படும் தேர்வு ஒன்பதாம் வகுப்பின் முடிவில். முதல் அணி 2025 கடைசியில் அதை எழுதி, 2026 ஜனவரியில் அறிவியல், சமூகவியல், கலையும் விளையாட்டும் என்ற மூன்று பாதைகளில் ஒன்றைப் பிடித்துப் பத்தாம் வகுப்புக்குப் போக வேண்டியிருந்தது. விடுதி, பெட்டி, மெத்தை, கட்டணம் எல்லாம் அங்கே காத்திருக்கின்றன. ஆனால் அது வேறு அட்டவணை. கீழ் இடைநிலையிலிருந்து மேல் இடைநிலைக்குச் செல்வோர் பற்றியது, அதைப் புரட்டிப் பார்ப்பவர்கள் குறைவு.